வீரர் விட்டுச்சென்ற பொருள்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்தலன்றி வேறு தொழில் அறியாத எம்மை இம்மேடையில் நிறுத்திப் பேசுமாறு பணித்த செயற்குழுவினர்க்கு எம் நன்றி உரியதாகுக. எம் உரையிற் குணம் ஏதேனும் காணப்படின் அஃது எமக்குத் தமிழறிவுறுத்திய ஆசிரியர்களுடையது; குற்றம் காணப்படின் அஃது எம்முடையதே.

நம் சங்கக் கட்டடத்தின் மேன்மாடம் புதுப்பிக்கப்பெற்று வருதலை நீங்கள் அறிவீர்கள். அம்மாடத்தில் ஒரு கண்ணாடிப் பேழை அமைத்து, நாட்டுப் படையிற் பணியாற்றி உயிர் துறந்த நம் மரபு வீரர்களின் உடை, கடிகாரம், கடிதம், பதக்கம் முதலிய பொருள்களை அவர்தம் இல்லங்களினின்றும் பெற்று வைத்தல் வேண்டும் என்பது இன்று அவைமுன் உள்ள தீர்மானம். அதனை ஆதரித்துப் பேசுவதற்கே எம்மை அழைத்தனர். சில ஆண்டுகட்கு முன்னர் இக்கருத்தை முதன்முதல் எடுத்துரைத்தவரும் யாமே. ஆயினும் இன்று அதனை மறுத்துப் பேசவே எழுந்து நிற்கின்றோம். முன்னர் ஒன்று கூறிப் பின்னர் வேறொன்று கூறுவான் காரணம் காட்டக் கடமைப்பட்டவன். அக்காரணத்தைப் படிப்படியாக உங்கள் முன் வைக்கின்றோம், பொறுமையுடன் கேட்டருள்க.

முதற்கண் நம் முன்னோர் வழக்கத்தை நோக்குவோம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் என்றோர் ஊர் உளது. ஆண்டு நிலத்திற் புதைந்து கிடந்த ஈமத்தாழிகளை அலெக்சாண்டர் ரீ என்னும் ஆங்கிலேயர் 1899-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அகழ்ந்தெடுத்தார். இரும்பு வாளும் ஈட்டிமுனையும் பிறவும் அங்கே கிடைத்தன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் அக்காலப் பொருள்களைக் கண்ணாற் காணலாம். இறந்தானுடைய படைக்கலத்தை அவனோடே மண்ணுக்கு அனுப்பிவிட்டனர் அக்காலத்து மக்கள். தமக்கென எடுத்து வைத்துக்கொண்டிலர்.

பின்னர்த் தோன்றியது நடுகல் வழக்கம். கல்லைத் தேர்ந்து காண்டல், அதனைக் கொள்ளுதல், நீராட்டுதல், நாட்டுதல், படையலிட்டுச் சிறப்பித்தல், வாழ்த்துதல் என இதனை அறுவகைப்படுத்திக் கூறுகின்றது தொல்காப்பியப் புறத்திணையியல். அக்கல்லில் வீரனுடைய பெயரும் பெருமையும் பொறிக்கப்பெற்றன, மயிற்பீலி சூட்டப்பெற்றது, அதன் முன்னர் வேலை ஊன்றிக் கேடயத்தைச் சார்த்தி வைத்தனர் எனச் சங்கச் செய்யுட்கள் கூறுகின்றன. நாம் கூடியிருக்கும் இம்மயிலையிற் பிறந்தார் எனக் கன்னபரம்பரையாகப் போற்றப்படும் திருவள்ளுவரும், படைச்செருக்கு என்னும் அதிகாரத்தைத் தொடங்குமிடத்தே இவ்வழக்கத்தைக் குறிப்பாற் சுட்டியிருக்கின்றார். ஊர்ப் பொதுவிடத்தில், வழிச்செல்வோர் அனைவரும் காணுமாறு, பெயரெழுதி நிறுத்திய கல் அது.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கல்லின் முன்னே வேல் நின்றது; கேடயம் நின்றது. அவ்வீரன் உண்ட கலமோ, உடுத்த ஆடையோ, மனைவிக்கென வாங்கிவந்த வளையலோ அங்கே வைக்கப்பட்டதாக யாம் யாண்டும் படித்ததில்லை. அவை எங்கே போயின? வீட்டில் இருந்தன. வேலும் கேடயமும் புறத்தைச் சார்ந்தவை, ஊர்க்கு உரியவை. கலமும் ஆடையும் வளையலும் அகத்தைச் சார்ந்தவை, இல்லத்தார்க்கு உரியவை.

அகம், புறம் என்னும் இப்பாகுபாடு தமிழர்க்கு இலக்கணம் மட்டுமன்று, வாழ்க்கை முறையுமாம். புறத்திணையிற் பெயர் கூறலாம், கூறவும் வேண்டும். அகத்திணை ஐந்தினும் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. என்னை? உள்ளத்தளவில் நிகழும் அன்பைப் பெயர்கூறி அம்பலத்தில் ஏற்றினால் அஃது அன்பாக நில்லாது, ஊர்ப்பேச்சாய் முடியும். இவ்விதியை முப்பது மாணாக்கர் முன்னிலையில் ஆண்டுதோறும் ஓதுவித்து வரும் யாமே, வீரர்தம் வீட்டுப் பொருளைப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பேழையில் வைக்கலாம் என்று கூறினோம். எம் பிழை இதுவேயாம்.

நிற்க. இக்காலத்தில் நடப்பதென்ன என்பதைக் காண்போம்.

படையிற் பணியாற்றுவோர் ஒருவர் இறப்பின் அவருடைய உடைமைகளை என்செய்வது என்பதற்குச் சட்டம் உளது. 1950-ஆம் ஆண்டிற் தரைப்படை, வான்படை ஆகியவற்றிற்கென இயற்றப்பெற்ற தனியார் உடைமைச் சட்டம் அது. அதன்படி அதிகாரிகள் சிலர் ஒரு குழுவாக அமைவர். இறந்தாருடைய பொருள்களைப் பாதுகாப்பில் எடுத்துப் பட்டியல் எழுதுவர். பாசறையில் அவர் கொடுக்கவேண்டிய கடன்களைத் தீர்ப்பர். எஞ்சியதை உரியவர்க்குச் சேர்ப்பிப்பர். ஒழுங்கான முறையே இது. ஆயினும் பட்டியல் பொருளின் எண்ணிக்கையைத் தான் கூறும். அப்பொருள் யாவர்க்கு என்னவாயிற்று என்பது அதனை எழுதுவோர்க்கும் தெரியாது.

புறத்துக்குரிய சிறப்புக்களில் நாடு குறை வைத்ததில்லை. மேஜர் முகுந்த் வரதராசன் அவர்களை அறியாதார் இவ்வவையில் இரார். தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, பரங்கிமலைப் படை அதிகாரிகள் பயிற்சிக்கூடத்தில் தேர்ந்து, இராஜபுத்திரப் படைப்பிரிவிற் சேர்ந்தவர். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் காச்மீரத்துச் சோபியான் வட்டாரத்திற் போரிட்டு உயிர் நீத்தார். அவருடைய உடல் நம் அடையாற்றுக்கு அருகிலுள்ள பெசன்ட் நகர் மயானத்தில் முழுப் படை மரியாதையுடன் எரியூட்டப்பெற்றது. 2015-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் தில்லியில் நடைபெற்ற குடியரசு விழாவில், குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவர்கள் அசோகச் சக்கரத்தை அவ்வீரருடைய துணைவியார் கையில் வழங்கினார். 2024-ஆம் ஆண்டில் அவர் வரலாறு 'அமரன்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. 1987-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இலங்கையில் உயிர் துறந்து பரம வீரச் சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேசுவரன் அவர்கள் பெயரால் சாலிக்கிராமத்தில் படையினர் குடியிருப்பு ஒன்று உளது. இவையெல்லாம் இக்காலத்து நடுகற்கள். பெயர் உண்டு, ஊரறியும். இருக்கத்தக்கன இவை.

நந்தம்பாக்கத்துப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தை நீங்கள் ஒருமுறையேனும் காணல் வேண்டும். 1952-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அத்தோட்டத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து வீரர் 856 பேர் துயில்கின்றனர். தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் பேணுவாரற்றுப் போகக்கூடிய இடங்களில் இருந்த கல்லறைகளை ஒருங்கு சேர்த்து அமைத்தது அது. முதல் உலகப் போர்க்காலத்து வீரர் ஆயிரவர்க்கு மேற்பட்டாருடைய பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னமும் அங்கே உளது. அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் வேறுபாடின்றிக் கற்கள் ஒரே அளவாக வரிசையில் நிற்கின்றன. அங்கும் ஒருவருடைய சட்டையையோ கடிதத்தையோ நீங்கள் காணமாட்டீர்கள். பெயர்கள் மட்டுமே காண்பீர்கள்.

வெளிநாட்டுச் செய்தி சிலவற்றையும் எடுத்துக்காட்டுவோம். முதல் உலகப் போர் முடிந்தபின், இறந்தார் ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் வெண்கலத் தகடு ஒன்றை அனுப்பிற்று பிரிட்டிஷ் அரசாங்கம். ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடு அது. 13 இலட்சத்துக்கு மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பெற்றன. நம் நாட்டு வீரர் வீடுகளுக்கும் அவை வந்தன. அதில் இறந்தார் பெயரைப் பொறித்தனர், பதவியைப் பொறித்திலர். உயிர்க்கொடையில் மேல் கீழ் இல்லை என்பது கருத்து. போற்றத்தக்க கருத்தே. எனினும் மக்கள் அதற்கு இட்ட பெயர் 'செத்தவன் காசு' என்பது. வீட்டுக்குள் வந்தும் அது புறப்பொருளாகவே நின்றுவிட்டது போலும்! அப்போருக்கென வழங்கிய வெள்ளிப் பதக்கங்களையோ, வறுமை வந்துற்றபோது வெள்ளி விலைக்கு விற்றுண்டாரும் உளர். அவர்களை நாம் பழித்தல் தகாது. அடுப்பு எரியாத வீட்டிற் பதக்கம் என்செய்யும்?

இனி அகப்பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ரோலண்டு லெய்ட்டன் என்னும் ஆங்கில இளைஞர் 1915-ஆம் ஆண்டு திசம்பர் 23-ஆம் நாள் பிரான்சு நாட்டிற் குண்டடிபட்ட புண்ணால் இறந்தார். கிறித்துமசு விடுமுறைக்கு அவர் வருவார் என எதிர்நோக்கியிருந்த வீட்டிற்கு, அடுத்த மாதம் அவருடைய உடைகள் வந்து சேர்ந்தன. சேறும் குருதியும் படிந்து, சாவின் நாற்றம் வீசிய அவ்வுடைகளைக் கண்ட தாய், அவற்றைத் தம் கண்ணெதிரே வையாமல் அகற்றிவிடுமாறு கூறினார். அவருக்கு மணமகளாக உறுதி செய்யப்பெற்றிருந்த வெரா பிரிட்டன் அம்மையாரோ, அக்காட்சியை மறவாது 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எழுதிவைத்தார். ஒரே மூட்டை, தாயால் அதனைப் பார்க்க முடியவில்லை, காதலியால் அதனை மறக்க முடியவில்லை. இவ்விருவரில் எவர் அன்பு சிறந்தது என்று கேட்போமாயின் நாம் அறிவிலிகள் ஆவோம்.

மற்றொன்று. இரண்டாம் உலகப் போரிற் சப்பானிய வீரர்கள், உற்றார் உறவினர் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடி ஒன்றைத் தம் உடலோடு வைத்திருந்தனர். அவர்கள் இறந்தபின் எதிர்ப்படையினர் அக்கொடிகளை வெற்றி நினைவாக எடுத்துச் சென்றனர். நெடுங்காலம் அவை அயல்நாட்டு வீடுகளிற் படிக்க வல்லார் இன்றிக் கிடந்தன. அண்மைக்காலத்தில் நூற்றுக்கணக்கான கொடிகள் சப்பானியக் குடும்பங்களிடம் திருப்பிச் சேர்க்கப்பெற்று வருகின்றன. அயலார்க்கு மைக்கீறலாய்த் தோன்றியது, அவ்வில்லத்தார்க்குத் தந்தையின் கையெழுத்து, மாமன் கையெழுத்து. பொருளைப் படிக்க வல்லாரிடத்தே அது பேசும். பிறரிடத்தே ஊமையாய்க் கிடக்கும்.

'அற்றேல், வாசிங்டன் நகரில் வியத்நாம் போர் நினைவுச்சுவரின் அடியில் மக்கள் காலணியும் கடிதமும் கொணர்ந்து வைக்கின்றனரே' என வினவுவார் இருக்கலாம். உண்மை. 1982-ஆம் ஆண்டில் அச்சுவர் எழுந்தது முதல் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே வைக்கப்பெற்றுள்ளன. ஆயின் அவற்றை எவரும் வீடு தேடிச் சென்று கேட்டிலர். கொணர்ந்தோர் தாமே கொணர்ந்தனர். தாம் விரும்பிய நாளிற் கொணர்ந்தனர். அகத்தைப் புறமாக்கும் உரிமை அகத்தார்க்கே உண்டு.

இனி எம் மனத்தை மாற்றிய நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். பெயரும் தெருவும் கூறோம். காரணத்தை முன்னரே சொல்லிவிட்டோம்.

எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் படையிற் சேர்ந்து, வடவெல்லைப் பனிமலை நாட்டிற் பணியிலிருக்கையில் உயிர் நீத்தார். மயிலாப்பூரில் அவருக்குத் தாயும், மனைவியும், சிறு பெண்மகவும் இருந்தனர். சில வாரங்களில் அவருடைய இரும்புப் பெட்டி வந்தது. கறுப்பு வண்ணம் பூசி, வெள்ளை எழுத்தில் அவருடைய எண்ணும் பெயரும் எழுதிய பெட்டி. அச்சமயத்திலே தான், பேழைக்குப் பொருள் வேண்டும் என்று கேட்டு வருமாறு சங்கத்தார் சிலருடன் யாமும் அவ்வீட்டிற்குச் சென்றோம். தாம்பூலத் தட்டுடனும் பொன்னாடையுடனும் சென்றோம் என்பதை நினைக்க இன்று எமக்கு நாணமாக இருக்கின்றது.

யாம் வாய்திறப்பதற்குள் அத்தாய் ஒரு தாளை எம் கையிற் கொடுத்து, "வாத்தியார் ஐயா, இது இங்கிலீசில் இருக்கிறது. என்னென்ன வந்திருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். மருமகளார் கதவருகே நின்றார். குழந்தை பெட்டியின் மூடிமேல் அமர்ந்திருந்தது. யாம் ஒவ்வொன்றாகத் தமிழாக்கிப் படித்தோம். கம்பளிச் சட்டை இரண்டு. கைக்கடிகாரம் ஒன்று. கைப்பேசி ஒன்று. கடிதக் கட்டு ஒன்று. சவரப் பெட்டி ஒன்று. எஃகு டப்பா ஒன்று.

டப்பா என்றதும் அவ்வம்மையார், "அதில் என்ன இருக்கிறது?" என்றார். பட்டியலில் அது குறிக்கப்படவில்லை. குழந்தையை இறக்கிப் பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தோம். பழைய எவர்சில்வர் டப்பா. யாருடைய திருமணத்திலோ பரிசாக வந்தது. மூடியிற் பெயர் வெட்டியிருந்தது. விடுமுறை முடிந்து புறப்பட்ட நாளில், பருப்புப்பொடி இடித்து அதில் நிரப்பித் தாம் கொடுத்தனுப்பியதாகத் தாய் கூறினார். திறந்தோம். பொடி இல்லை. டப்பா துலக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்புமட்டும் ஓட்டோடு கூடிய அக்ரூட்டுக் கொட்டைகள் இருந்தன.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருதல் கூடாது. ஒரு பிடி சர்க்கரையேனும் போட்டே கொடுத்தல் வேண்டும். அத்தாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "வெறும் பாத்திரமா கொண்டுவரமாட்டான், ஐயா, என் பிள்ளை" என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. யாம் கொண்டுசென்ற விண்ணப்பம் எம் சட்டைப்பையிலேயே இருந்தது.

பிறகு நடந்ததையும் கூறிவிடுகின்றோம். அப்பொருள்களை அவர்கள் தாமே பகிர்ந்துகொண்டனர். பெரியோர் எவரும் நடுவிருக்க வேண்டியிருந்திலது. கைப்பேசியைத் திறக்கும் எண் மனைவியார் ஒருவர்க்கே தெரியும். கடிதங்களும் அவர் எழுதியவையே. அவ்விரண்டும் அவரிடம் சேர்ந்தன. கடிகாரத்தைக் குழந்தை வளர்ந்தபின் கொடுக்க என்று எடுத்து வைத்தனர். கம்பளிச் சட்டை ஒன்றைத் தாய் வைத்துக்கொண்டார். மற்றொன்றை, மார்கழிப் பனியில் நடுங்கிய தெருக்காவலர் ஒருவர்க்கு அவரே கொடுத்தார். டப்பா அவ்வீட்டு அடுக்களையில் இன்றும் புழங்குகின்றது. அக்ரூட்டுகளைக் குழந்தையும் தெருப்பிள்ளைகளும் உடைத்துத் தின்றனர். எமக்கும் ஒன்று கிடைத்தது.

அந்த டப்பாவை நாம் கேட்டுப் பெற்றிருந்தால் என்னவாகியிருக்கும்? கொட்டைகளை நீக்கித் துடைத்துப் பேழையில் வைத்திருப்போம். 'வீரர் பயன்படுத்திய டப்பா' என்று சீட்டு எழுதியிருப்போம். பார்ப்போர் ஒரு நொடி பார்த்துவிட்டு அப்பாற் செல்வர். தாய்க்குப் பிள்ளை சொல்லியனுப்பிய மறுமொழி அத்துடன் அழிந்திருக்கும். கம்பளிச் சட்டையைத் தானம் செய்யவும், வேண்டாததைக் கண்மறைவில் வைக்கவும், விரும்பியதைப் புழங்கவும் அவர்கட்கிருந்த உரிமையையும் நாம் எடுத்துக்கொண்டிருப்போம். குலப்பெருமையின் பெயரால் இதனைச் செய்திருப்போம் என்பதே எம்மை மிகவும் வருத்துகின்றது.

எனவே, தீர்மானத்தைத் திருத்தி அமைக்குமாறு அவையினரை வேண்டுகின்றோம். எம் கருத்துக்கள் நான்கு.

ஒன்று: மேன்மாடத்திற் பேழைக்கு மாறாகக் கல்வெட்டு ஒன்று அமைக்க. அதில் வீரர் பெயர், பிறந்த ஊர், படைப்பிரிவு, உயிர் துறந்த நாள் ஆகியன பொறிக்கப்பெறுக. பதவியால் முன்பின் வைத்தல் வேண்டா. இது புறம்; இது நம் கடமை.

இரண்டு: எவ்வில்லத்திலும் பொருளைக் கேட்டுச் செல்லாதிருப்போமாக. தாமே விரும்பிக் கொணர்வோர் உளராயின் வணங்கிப் பெற்றுக்கொள்வோம். திருப்பிக் கேட்கும் நாளில் மறுசொல்லின்றிக் கொடுப்போம். தாய்க்குரியதா, மனைவிக்குரியதா என்னும் பூசல் எழுமிடத்து, ஒரு பக்கம் சாராது இருவர் துயரையும் கேட்போமாக.

மூன்று: பொருள் இருந்தும் அதன் செய்தி மறைந்து போதலுண்டு. பாட்டனாருடைய பதக்கம் எப்போரிற் பெற்றது என்பதை அறியாத பேரர் நம்மில் எத்தனை பேர்! ஆதலின் வீரர் இல்லத்தார் விரும்பின், எழுத வல்ல நம் இளைஞர் சென்று, இஃது இன்னாருடையது, இன்னார் கொடுத்தது, இவ்வாறு வந்தது என அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுப்பாராக. அக்குறிப்பேடும் அவ்வில்லத்திலேயே இருத்தல் வேண்டும். நம் இதழில் அச்சேற்றற்பொருட்டன்று.

நான்கு: பேழைக்கென ஒதுக்கிய தொகையை வீரர் மக்களின் கல்விக்குத் திருப்புக. ஓய்வூதியத் தாள்களையும் அரசாங்கக் கடிதங்களையும் படித்துப் பொருள் சொல்லவும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு உடன் சென்று வரவும் இருவர் மூவர் முன்வருக. 1949-ஆம் ஆண்டு முதல் திசம்பர் 7-ஆம் நாளைக் கொடி நாளாக நாடு கொண்டாடி வருகின்றது. அந்நாளிற் சட்டையிற் கொடி குத்திக்கொள்ளும் நாம், மறுநாள் அவ்வீடுகளின் கதவைத் தட்டி 'யாதேனும் வேண்டுமோ' என்று கேட்டல் நன்று. கையில் விண்ணப்பம் ஏதுமின்றிச் செல்வோமாக.

பெரியோர்களே! யாம் ஒருமுறை கேட்கச் சென்று, கேளாமல் திரும்பினோம். எம் கையில் ஓர் அக்ரூட்டுக் கொட்டையும் தந்தே அத்தாய் எம்மை அனுப்பினார். வீட்டிற்கு வந்தாரை வெறுங்கையோடு அனுப்பாத அவ்வில்லத்திற்கு நம் சங்கமும் வெறுங்கையோடு செல்லாதிருத்தல் வேண்டும்.

வீரர் புகழ் நிலவுக! அவர்தம் இல்லங்கள் தழைக்க!